கல்லின் முகவரி

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக் பகுதியில் ஓர் ஊர். எழுத்துக்கூட்டி வாசித்தால் ஹாப்பிஸ்பர்க் என்று வரும். ஊர்க்காரர்கள் வாயில் அது ஹேஸ்பரோ. மேட்டின் மேல் ஒரு பழைய தேவாலயம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கலங்கரை விளக்கம், சில தெருக்கள். மேடு என்றால் பாறை அல்ல, களிமண்ணும் மணலும்தான். புயலடிக்கும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கடல் அதன் அடியைக் கரைக்கிறது. மேலே இருப்பது சரிந்து விழுகிறது. 1950களின் கடைசியில் அலையைத் தடுக்க மரத்தடுப்புகள் கட்டினார்கள். 1990களில் அவை சிதைந்த பிறகு கடலோர வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் தோட்டம், பிறகு வேலி, பிறகு வீடு.

அந்த மண் சரிந்த இடத்தில்தான் வட ஐரோப்பாவின் மிகப் பழைய கற்கருவிகள் வெளியே வந்தன. ஒருவருடைய வீடு போனதால் கிடைத்த அறிவு இது என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேட்டின் பெரும்பகுதி, சுமார் நாலரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மண். அதற்கும் அடியில், கடற்கரை மணல் விலகும் நாட்களில் மட்டும் கண்ணில் படுகிற கறுத்த படிவம் ஒன்று உண்டு. குரோமர் காட்டுப்படுகை என்று அதற்குப் பெயர். மரத்துண்டு, பைன் காய், யானை எலும்பு, எலிப்பல் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. இதே கரையில் சற்று வடமேற்கே வெஸ்ட் ரன்டன் என்ற இடத்தில், 1990இல் ஒரு புயலுக்குப் பிறகு ஒரு மாமத் யானையின் எலும்பு தலைகாட்டியது. தோண்டி முடித்தபோது ஏறத்தாழ முழு எலும்புக்கூடே கிடைத்தது. இருநூறு ஆண்டுகளாக ஆட்கள் இந்தக் கரையில் எலும்பு பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யானையும் காண்டாமிருகமும் மானும் கிடைத்தன. மனிதன் மட்டும் கிடைக்கவில்லை.

2000ஆம் ஆண்டில், கடற்கரையில் நடக்கப்போன உள்ளூர்க்காரர் ஒருவர் கறுத்த கைக்கோடரி ஒன்றைக் கண்டார். அது மணலில் புரண்டு கிடந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. அது அந்தக் கறுத்த படிவத்துக்குள் பதிந்திருந்தது. கல்லைவிட முக்கியம் அந்தப் பதிவு. ஏன் என்று புரிய, இதே பகுதியில் நடந்த இரண்டு பழைய கதைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்றில் ஒருவர் சரியாகச் செய்தார், உலகம் கவனிக்கவில்லை. மற்றொன்றில் ஒருவர் தவறினார், உலகம் கொஞ்சகாலம் நம்பியது.

நார்ஃபோக்குக்குத் தெற்கே சஃபோக். அங்கே ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய குழியில், கூர்மையாகச் செதுக்கிய கற்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. 1797இல் ஜான் ஃப்ரியர் என்ற நிலக்கிழார் அவற்றில் சிலவற்றை லண்டன் பழம்பொருள் சங்கத்துக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதமும். உலோகம் அறியாத மக்கள் செய்த ஆயுதங்கள் இவை என்று அதில் எழுதினார். அதோடு நிற்கவில்லை. மேலே என்ன மண், அதன்கீழ் என்ன, எத்தனை அடி ஆழம், எந்த அடுக்கில் கல், அதற்கு மேலடுக்கில் கடற்சிப்பியும் பெரிய விலங்கின் எலும்பும் என்று படிவரிசையை அடுக்கி எழுதினார். உலகமே ஆறாயிரம் ஆண்டுப் பழமைதான் என்று பலரும் நம்பிய காலம் அது. கடிதம் 1800இல் அச்சானது. பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் பூஷே த பெர்த் என்பவர் கண்டெடுத்த கற்களைச் சோதிக்க ஜோசப் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் 1859 ஏப்ரலில் நேரில் போனார்கள். சரளைச் சுவரில் பதிந்திருந்த ஒரு கைக்கோடரியை, எடுப்பதற்கு முன்பே புகைப்படம் பிடிக்கவைத்தார்கள். அழிந்துபோன விலங்குகளோடு மனிதன் வாழ்ந்தான் என்பது அன்று நிலைபெற்றது. லண்டன் திரும்பிய எவன்ஸ், பழம்பொருள் சங்கத்தின் கண்ணாடிப் பேழையில் அதே வடிவக் கல்லொன்றைக் கண்டு திகைத்தார். ஃப்ரியர் அனுப்பிய கல் அது.

இந்தச் செய்தி சென்னைக்கும் வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பிரெஸ்ட்விச்சும் எவன்ஸும் எழுதியதைப் படித்த கண்ணோடு, 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கைக்கோடரி ஒன்றை எடுத்தார். அதே ஆண்டு வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கம் போனார். ஹாக்ஸ்ன் செங்கல் குழிக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே இப்படி ஒரு நேர்க்கோடு உண்டு. மூன்று இடங்களிலும் கல்லை அடையாளம் கண்டது மட்டும் பெரிய காரியமில்லை. எந்த மண்ணில் கிடந்தது என்று எழுதி வைத்ததுதான் பெரிய காரியம்.

இரண்டாவது கதை ஜேம்ஸ் ரீட் மோயருடையது. இப்ஸ்விச் நகரில் அப்பாவின் தையல் கடையில் வேலை பார்த்தவர். படித்துப் பட்டம் வாங்கிய நிலவியலாளர் அல்ல. ஆனால் கல்லின் மேல் தீராத பைத்தியம். 1909 முதல், நார்ஃபோக்கும் சஃபோக்கும் அடங்கிய கிழக்கு ஆங்கிலியாவின் மிகப் பழைய கடற்படிவுகளின் அடியிலிருந்து உடைந்த கற்களைத் திரட்டி, இவை மனிதக் கை செய்தவை என்று வாதிட்டார். கழுகின் அலகுபோல வளைந்த கற்கள் அவற்றில் பல. ரே லாங்கெஸ்டர் போன்ற பெரிய விஞ்ஞானி துணை நின்றார். 1937இல் மோயர் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார். கற்கள் கிடந்த அடுக்கு உண்மையிலேயே பழையது. சிக்கல், அவற்றை உடைத்தது யார் என்பதில்தான்.

இங்கே ஒரு கல் எப்படி உடைகிறது என்று பார்த்துவிடலாம்.

ஜன்னல் கண்ணாடியில் ஒரு சிறு கல் வேகமாகப் பட்டால், பட்ட பக்கம் ஊசித்துளை. மறுபக்கம் அகன்ற குழி. நடுவே கூம்பு வடிவத்தில் ஒரு சில் தெறித்துப் போயிருக்கும். அடியின் விசை கண்ணாடிக்குள் கூம்பாகப் பரவுகிறது. கண்ணாடிக்குள் நார் இல்லை, அடுக்கு இல்லை, ஆகவே விசை போகிற வழியே உடைகிறது. நம் ஊர் அம்மி, ஆட்டுக்கல் செய்யும் கருங்கல் அப்படியல்ல. அது பருமனான மணிகள் இறுகிய கல். உளியால் கொத்தக் கொத்தப் பொடியாக உதிரும், நீளமான கூர்விளிம்பு தராது. சிக்கிமுக்கிக் கல் கண்ணாடியின் ஜாதி. பழங்கடலில் வாழ்ந்த கடற்பஞ்சு போன்ற உயிர்களின் சிலிக்கா, கடலடிச் சுண்ணச் சேற்றுக்குள் கட்டிகட்டியாக உறைந்து உண்டானது. கிழக்கு இங்கிலாந்தின் சுண்ணப்பாறை முழுக்க இந்தக் கட்டிகள்தான்.

ஒரு கட்டியைக் கையில் பிடித்து, அதன் விளிம்பில், உள்நோக்கிச் சாய்ந்த இடம் பார்த்து, உருண்டைக் கல்லால் ஓங்கி ஒரு அடி. மறுகணம் கீழே ஒரு செதில் கிடக்கும். அடிபட்ட இடத்துக்குக் கீழே குமிழ்போல ஒரு புடைப்பு, அதிலிருந்து குளத்தில் கல்லெறிந்ததுபோல அலைவரிகள். விளிம்பு சவரக்கத்திதான். இதில் கடினமானது அடிப்பது அல்ல, எங்கே அடிப்பது என்று தெரிவது. விளிம்பின் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் செதில் பெயரும். அது தெரிந்த கை, அடுத்தடுத்துச் சரியான கோணத்தையே தேடிப் போகும்.

இயற்கைக்கு அந்தத் தேட்டம் கிடையாது. மண்ணின் பாரம் அழுத்தும், அலை உருட்டும், பனிப்பாறை நசுக்கும். அப்போதும் செதில் பெயரும், புடைப்புக்கூட வரும். ஆனால் கோணம் தாறுமாறாக இருக்கும். ஹேசல்டைன் வாரன் என்பவர் 1920இல், எஸெக்ஸில் மனிதன் எட்டவே முடியாத ஒரு படிவத்தின் அடியில், மண்ணின் பாரத்தால் நசுங்கிய கற்களை எடுத்துக் காட்டினார். மோயரின் கருவிகள் போலவே அவை இருந்தன. 1939இல் ஆல்ஃப்ரெட் பார்ன்ஸ் கோணங்களை அளந்து கணக்குப் போட்டார். மனிதர் செதுக்கியவற்றில் விரிகோணம் அரிது. மோயர் வகைக் கற்களில் ஏராளம். வழக்கு அதோடு முடிந்தது.

மோயரை ஏளனமாகப் பேசும் நூல்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒப்புதல் இல்லை. ஆதி மனிதன் இந்தக் கரைக்கு வந்திருந்தான் என்ற அவருடைய உள்ளுணர்வு சரிதான். தவறான கல்லின்மேல் அதை ஏற்றிவிட்டார். அதற்கான விலையை அவருக்குப் பின் வந்தவர்களும் கொடுத்தார்கள். கிழக்கு ஆங்கிலியாவில் மிகப் பழைய கருவி என்று யார் சொன்னாலும் வெகுகாலம் எவரும் காதுகொடுக்கத் தயங்கினார்கள். 1990களின் நடுவிலும் பொதுக்கருத்து இதுதான்: ஆல்ப்ஸுக்கு வடக்கே 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் இல்லை. 1993இல் தென் இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் கிடைத்த கால் எலும்பும், அழகான கைக்கோடரிகளும், குதிரையை அறுத்த தடயங்களும் அந்தக் கணக்குக்குள் கச்சிதமாகப் பொருந்தின.

கணக்கை முதலில் உடைத்தது சஃபோக் கரையில் பேக்ஃபீல்ட். 2005இல் சைமன் பார்ஃபிட்டும் கூட்டாளிகளும் நேச்சர் இதழில் அறிவித்தார்கள்: 32 சிக்கிமுக்கிக் கற்கள், வயது சுமார் 7 லட்சம் ஆண்டுகள். ஆனால் அந்தப் படிவில் நீர்யானை எலும்பும் கிடைத்தது. அன்று அங்கே மத்தியதரைக் கடற்பக்கம் போன்ற இதமான வெயில். எனவே, வெப்பம் வடக்கே படர்ந்தபோது மனிதனும் கூடவே நடந்து வந்தான், குளிர் வந்ததும் திரும்பிப் போனான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. பழைய கருத்து கொஞ்சம் வளைந்துகொடுத்துப் பிழைத்தது.

ஹேஸ்பரோவில் அதுவும் நிற்கவில்லை.

கைக்கோடரி கிடைத்த இடத்துக்கு முதலாம் களம் என்று பெயர். அதன் வயது சுமார் 5 லட்சம். கரையோரமாகச் சற்றுத் தள்ளி மூன்றாம் களம். பிரிட்டிஷ் மியூசியத்தின் நிக் ஆஷ்டன், குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் சைமன் லூயிஸ், பார்ஃபிட் ஆகியோரின் குழு 2005 முதல் அங்கே தோண்டியது. 2010 ஜூலையில் நேச்சரில் முடிவு வந்தது. கிடைத்த கற்கள் 78. கைக்கோடரி ஒன்றுகூட இல்லை. செதில்கள், விளிம்பில் பல்வெட்டு வைத்த சில துண்டுகள், செதில் எடுத்தபின் எஞ்சிய சில அடிக்கற்கள், அவ்வளவே. விளிம்புகள் மழுங்காமல் அன்று உடைத்தவை போலிருந்தன. ஆற்றில் நெடுந்தூரம் உருண்டு வரவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. மோயரை வீழ்த்திய எல்லாச் சோதனையிலும் இவை தேறின.

ஆனால் கல்லுக்கு வயது சொல்லத் தெரியாது. நேற்று நான் உடைத்த செதிலும் 9 லட்சம் ஆண்டுக்கு முன் உடைத்த செதிலும் உருவத்தில் ஒன்றேதான். கல் கிடந்த மண்தான் பேச வேண்டும். ஹேஸ்பரோ மண் பேசியதுபோல எந்த மண்ணும் பேசி நான் படித்ததில்லை.

முதல் சாட்சி காந்தம். மெல்லிய வண்டல் நீரில் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய பூமிக்காந்தத்தின் திசையில் திரும்பிப் படுத்து உறைந்துவிடும். பூமிக்காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மூன்றாம் களத்து வண்டலில் திசை தலைகீழாக இருந்தது. ஆகவே அது அந்த மாற்றத்துக்கு முந்தையது.

இரண்டாவது சாட்சி எலி. வோல் என்னும் குட்டைவால் எலியின் கடைவாய்ப்பல் அரிசிமணி அளவுதான் இருக்கும். பழங்கால வோல்களின் பல்லுக்கு வேர் உண்டு. பல் தேய்ந்தால் எலி பட்டினியில் சாகும். பிந்திய வகைகளுக்கு வேரற்ற பல், ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த மாற்றம் ஐரோப்பாவில் எப்போது நடந்தது என்று ஓரளவு தெரியும் என்பதால், ஆய்வாளர்கள் இதை வோல் கடிகாரம் என்றே சொல்கிறார்கள். ஹேஸ்பரோவில் கிடைத்தவை வேருள்ள பற்கள். கூடவே, பிற்காலத்தில் அற்றுப்போன ஒரு வகைக் குதிரையும், அகன்ற கொம்புடைய எல்க் மானும், மாமத் யானையும். காந்தம் ஒரு பக்கம் கதவடைக்க, விலங்குகள் மறுபக்கம் கதவடைத்தன. இடையில் மிஞ்சியவை இரண்டு வெப்பகாலங்கள்: 9.7 முதல் 9.36 லட்சம் ஆண்டு வரை ஒன்று, 8.66 முதல் 8.14 லட்சம் வரை மற்றது. இரண்டில் எது என்று இன்னும் முடிவாகவில்லை. காந்தச் சான்றையே ஏற்காமல் வயதைக் குறைத்துச் சொல்லும் நிலவியலாளர்களும் உண்டு. எனக்கு ஆஷ்டன் குழுவின் வாதம் வலுவாகப் படுகிறது. ஒரு சாட்சியை நம்பி அவர்கள் நிற்கவில்லை.

மூன்றாவது சாட்சி ஆறு. சரளையில் இருந்த கூழாங்கற்களின் வகையைப் பார்த்தால் அவை தேம்ஸ் நதி கொண்டுவந்தவை. லண்டன் வழியே ஓடும் தேம்ஸ்தான். பனிப்பாறை வந்து தெற்கே தள்ளும்வரை அது வடக்கே வளைந்து ஓடி, இந்தப் பக்கம் கடலில் கலந்தது. ஆக, கல் உடைத்தவர்கள் தேம்ஸின் கழிமுகத்தில் நின்றிருந்தார்கள். பிரிட்டன் அன்று தீவுமல்ல. டோவர் பக்கம் சுண்ணப்பாறை மேடு ஒன்று பிரான்சோடு அதை இணைத்திருந்தது. நடந்தே வந்திருக்கிறார்கள்.

நான்காவது சாட்சி வண்டு. குளிர்ந்த சேற்றில் வண்டின் இறக்கை ஓடு அழியாமல் கிடக்கும், சிலசமயம் மினுமினுப்பும் போகாமல். வண்டினங்கள் வெப்பத்தில் மிகக் கறாரானவை. ஒவ்வோர் இனமும் குறிப்பிட்ட வெயிலிலும் குளிரிலும்தான் பிழைக்கும். ஒரே மண்ணில் கிடைத்த இனங்கள் எல்லாம் சேர்ந்து வாழக்கூடிய வெப்பநிலை எது என்று கணக்கிட்டால் அன்றைய பருவம் தெரிந்துவிடும். ஹேஸ்பரோ வண்டுகள் சொன்னது: கோடையில் 16 முதல் 18 பாகை செல்சியஸ், குளிர்காலத்தில் பூஜ்யம் முதல் மைனஸ் 3 வரை. மகரந்தத் துகள்களும் ஒத்துப்போயின. அகன்ற இலை மரங்கள் பின்வாங்கி, பைனும் ஸ்ப்ரூஸும் மேலோங்கிக்கொண்டிருந்த காலம். வெப்பகாலம் முடிந்து குளிர் ஏறுகிறது. இன்றைய தென் ஸ்காண்டிநேவியாவை நினைத்துக்கொள்ளலாம்.

நீர்யானையும் இதமான வெயிலும் இங்கே இல்லை. அப்படியானால் அவர்கள் எப்படிக் குளிர்காலத்தைக் கழித்தார்கள்?

ஹேஸ்பரோ 52.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் ஏழரை மணி நேரம்தான். ஊசியிலைக் காட்டில் பனிக்காலத்தில் மனிதன் தின்னக் கிழங்கு, பழம், தளிர் எதுவும் கிடைக்காது. மிருகத்தைத்தான் நம்ப வேண்டும். மிருகங்களும் குறைவாகவே இருக்கும், வெகுதூரம் அலையும். நெருப்பு இருந்ததா? மூன்றாம் களத்தில் அதற்கான தடயம் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் நெருப்பின் சான்றுகள் திரளாகத் தென்படுவது சுமார் 4 லட்சம் ஆண்டுகளிலிருந்துதான். உடை இருந்ததா? ஜெர்மனியின் ஷோனிங்கனில் சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழைய கரடிப் பாத எலும்பில் தோலுரித்த மெல்லிய கீறல்கள் உண்டு. அதுகூட ஹேஸ்பரோவுக்கு ஐந்தாறு லட்சம் ஆண்டுகள் பிந்தியது.

சிலர் உடலில் ரோமம் அடர்ந்திருக்கலாம் என்கிறார்கள். சிலர் குளிர்காலத்தில் தெற்கே போயிருப்பார்கள் என்கிறார்கள். கைக்குழந்தையோடு நூற்றுக்கணக்கான மைல் போய்வருவது எனக்கு நம்பும்படியாக இல்லை. எனக்குப் பிடித்த விளக்கம் கழிமுகம். கடற்கரையில் குளிர் உள்நாட்டைவிடக் கொஞ்சம் குறைவு. உப்புச் சதுப்பில் சிப்பி, நண்டு, கடற்பாசி உண்டு. ஆற்றங்கரைப் புல்வெளிக்கு மானும் குதிரையும் வரும். உண்மையில் ஸ்டர்ஜன் மீனின் எச்சம் இந்தப் படிவிலேயே கிடைத்திருக்கிறது. செத்த மிருகத்தைக் கழுதைப்புலிக்கு முன்னால் போய் அறுக்க ஒரு கூர்ச் செதில் போதும். அதைத்தான் அவர்கள் செய்து போட்டிருக்கிறார்கள். பிரமாதமான கருவி எதுவும் அவர்களைக் குளிருக்குள் அழைத்து வரவில்லை. 78 கற்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தால் இந்த எளிமைதான் என்னை அசத்துகிறது.

2013 மே மாதம் அந்தக் கரை இன்னொன்றைக் காட்டியது. புயல் மணலை வாரிக்கொண்டு போனதில், மூன்றாம் களத்துக்குப் பக்கத்தில் வண்டலின் அடுக்கொன்று வெறும் தரையாகத் தெரிந்தது. அதில் நீள்வட்டக் குழிகள். புவியியலாளர் மார்ட்டின் பேட்ஸுக்கு அவற்றைப் பார்த்தவுடன் வேறு இடங்களில் தாம் கண்ட காலடித் தடங்கள் நினைவுக்கு வந்தன. மணலை நீக்கி, குழியில் நின்ற கடல்நீரைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, மேலிருந்து பல கோணங்களில் படம் எடுத்தார்கள். கணினி அந்தப் படங்களை முப்பரிமாணமாக்கியது. சுமார் 12 சதுர மீட்டரில் ஐம்பது தடங்கள். பன்னிரண்டில் குதிகாலும் பக்கவாட்டு வளைவும் முழுசாகத் தெரிந்தன. ஒன்றில் கால்விரல்கள்.

மனிதப் பாதத்தின் நீளம் உயரத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு. தடங்களில் பெரியது 26 செ.மீ., சிறியது 14 செ.மீ. கணக்குப் பாருங்கள்: பெரியவர் ஐந்தரை அடியைத் தாண்டியவர், சிறியவருக்கு மூன்றடி. குறைந்தது ஐந்து பேர், பெரியவர்களும் பிள்ளைகளுமாக, ஈரச் சேற்றில் நடந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தெற்கே, ஆற்றின் எதிரோட்டமாக. மூன்றடி உயரப் பிள்ளை ஒன்று கூட இருந்தது என்பதே அவர்கள் வேட்டைக்காக எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஆட்கள் அல்ல, குடும்பமாக வாழ்ந்தவர்கள் என்பதற்குச் சாட்சி. எந்த இனம்? எலும்பு கிடைக்கவில்லை. ஸ்பெயினின் அட்டபுவெர்காவில் இதையொட்டிய காலத்தில் வாழ்ந்த ஹோமோ ஆண்டிசெசர் இனமாக இருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்த ஆதி மனிதத் தடங்களில் இவையே மிகப் பழையவை.

இரண்டு வாரத்துக்குள் அலை அவற்றை அழித்துவிட்டது. 8 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த பிள்ளையின் காலடி, வெளிச்சம் பட்ட பதினைந்து நாளில் போயிற்று. படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைக்கு அங்கே பேட்ஸ் நடக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

இவர்கள் நிலைத்து வாழவில்லை. பனி வந்தது, பிரிட்டன் காலியானது, மறுபடி வெயில், மறுபடி ஆட்கள், இப்படிப் பலமுறை. போர்ச்சுகலுக்கு அப்பால் கடலடியில் எடுத்த படிவுகளைக் கொண்டு 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 11 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கடுங்குளிர் ஐரோப்பாவை ஆளில்லாமல் ஆக்கியிருக்கலாம் என்கிறது. ஹேஸ்பரோக்காரர்கள் அதற்குப் பின் வந்தவர்கள். அதற்கு முன்னும் வடக்கே வந்தவர்கள் உண்டு. சீனாவின் நிஹேவான் படுகையில், 40 பாகை வடக்கில், 16.6 லட்சம் ஆண்டுக் கற்கள் இருக்கின்றன. உக்ரைனின் மேற்கு மூலையில் கொரோலேவோ, 48 பாகை வடக்கு. அங்குள்ள மிகக் கீழடுக்குக் கற்களுக்கு 14 லட்சம் ஆண்டு என்று ரோமன் கர்பா குழு 2024இல் அறிவித்தது.

கொரோலேவோவில் வயது கண்டது வானத்திலிருந்து விழும் காஸ்மிக் கதிரைக் கொண்டு. கதிர் பட்ட கல்லில் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்னும் இரண்டு அணுக்கள் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்தால் புதிதாக உண்டாவது நின்றுவிடும், இருப்பது சிதையும். அலுமினியம் சீக்கிரம் சிதையும், பெரிலியம் மெதுவாக. இரண்டின் விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லிவிடும். இதே முறையாலும் காந்தத்தாலும்தான் சாந்தி பப்புவின் குழு அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வயது கண்டது. கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் ஒருவர் குவார்ட்சைட் கல்லைக் கைக்கோடரியாக நேர்த்தி செய்துகொண்டிருந்த காலத்துக்கு ஐந்தாறு லட்சம் ஆண்டுகள் கழித்து, தேம்ஸ் கழிமுகத்தில் ஒருவர் வெறும் செதிலோடு பனியைச் சமாளித்திருக்கிறார்.

ஹேஸ்பரோவில் நெருப்பின் தடயம் இல்லை என்றேன். கையிலிருந்தது சிக்கிமுக்கிக் கல். நம் மொழி அதை நெருப்போடு சேர்த்தே அறியும். தீப்பொறி பறக்க அதை இரும்புக் கந்தகக் கல்லோடு உரச வேண்டும். சஃபோக்கின் பார்ன்ஹாமில், சுமார் 4 லட்சம் ஆண்டுப் பழைய மண்ணில், வெந்து சிவந்த களிமண்ணும், சூட்டில் வெடித்த கைக்கோடரிகளும், கூடவே அந்தக் கந்தகக் கல்லின் இரண்டு சிறு துண்டுகளும் கிடைத்ததாக 2025 டிசம்பரில் ஆஷ்டன் குழு அறிவித்தது. அந்தக் கல் அவ்வட்டாரத்தில் அரிது. யாரோ தேடிக் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்த இரண்டு துண்டுகளும் ஆற்று மணலில் தனியாகக் கிடந்திருந்தால் யாரும் குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹேஸ்பரோவுக்கு வடமேற்கே சில மைலில் பேக்டன், வால்காட் ஊர்கள். அங்கே எரிவாயு நிலையத்தையும் வீடுகளையும் கடலிடமிருந்து காக்க 2019இல் 18 லட்சம் கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து உறிஞ்சிக் கரையில் கொட்டினார்கள். அந்த மணலோடு மாமத் பல்லும் எலும்பும் வந்தன. கைக்கோடரிகளும் செதில்களும் வந்தன. வடகடலின் அடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய நிலத்துக் கற்கள் அவை. உள்ளூர் மக்கள் அலை இறங்கிய வேளையில் நடந்து, கண்டெடுத்த நாளையும் இடத்தையும் குறித்து, ஆய்வாளர்களிடம் கொடுக்கிறார்கள். எந்த அடுக்கில் கிடந்தவை, கூட என்ன வண்டு, என்ன மகரந்தம் என்பதெல்லாம் குழாய்க்குள் கலைந்துவிட்டது. மணல் எடுத்த கடற்பகுதி எது என்று மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு, கடலடியில் அந்தக் கற்கள் எந்தப் பழைய ஆற்றின் கரையில் கிடந்திருக்கும் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.